பெட்டிமுடிக்குப் போகலாமான்னு கேட்டீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். அவசரம் இல்லாதப்போ படிங்க.

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். "சார், லீவுக்கு ஃபேமிலியோட மூணார் போறோம். நீங்க போடிக்காரர்தானே? நிலச்சரிவு நடந்துச்சே, அந்தப் பெட்டிமுடியைப் பார்க்க யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?"

தப்பான எண்ணத்துல கேட்கல. ஆனா எனக்கு ஒரு வரியில பதில் வரல. டைப் பண்ணிப் பண்ணி அழிச்சேன். ஏன்னா இந்த விஷயத்துல முதல்ல தப்பு பண்ணவன் நான்தான்.

மறந்தவங்களுக்காக: 2020 ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை ராத்திரி. மூணார் பக்கம் நயமக்காடு எஸ்டேட்டோட பெட்டிமுடி டிவிஷன். மலை மேல இருந்து மண்ணும் பாறையும் இறங்கி, தேயிலைத் தொழிலாளர் குடும்பங்க தூங்கிட்டு இருந்த லயங்களை அடிச்சுட்டுப் போயிருச்சு. 70 பேர். அதுல 4 பேரோட உடல் கடைசி வரைக்கும் கிடைக்கல. செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழங்க. நிறைய பேருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம், கயத்தாறு பக்கம். தாத்தா பாட்டி காலத்துல கொழுந்து கிள்ளப் போனவங்களோட பேரப்பிள்ளைங்க.

கடல் சூழ்ந்திருந்தாத்தான் தீவுன்னு ஸ்கூல்ல படிச்சோம். அன்னிக்கு ராத்திரி பெட்டிமுடி தீவாத்தான் கிடந்துச்சு. கரண்ட் இல்லை. போன் டவர் வேலை செய்யல. பெரியவரை பாலம் சேதமாகிக் கிடந்ததால ஆம்புலன்ஸ் போறதும் தாமதமாச்சு. உயிர் தப்பினவங்க நடந்தே ராஜமலை வந்து சொன்னப்புறம்தான், விடிஞ்சு, வெளியுலகத்துக்கு விஷயம் தெரிஞ்சுது. கிட்டத்தட்ட ஒரு ராத்திரி முழுக்க அங்க அவங்களுக்கு அவங்கதான்.

இப்ப என் கதைக்கு வர்றேன். (இதுல வர்ற அக்காவோட அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.)

எங்க பக்கம் வந்திருந்தீங்கன்னா பார்த்திருப்பீங்க. விடியறதுக்கு முன்னாடியே ஜீப் ஜீப்பா பொம்பளையாளுங்க ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிடுவாங்க. போடிமெட்டு வழியா ஒரு கூட்டம், கம்பமெட்டு, குமுளி வழியா ஒரு கூட்டம். மடியில தூக்குவாளி, தலையில துண்டு, ஒரு ஜீப்புல எத்தனை பேர்னு எண்ணவே முடியாது. சாயங்காலம் திரும்பி வர்ற வழியில அப்படியே என் கிளினிக்ல இறங்கி பிரஷர் பார்த்துட்டுப் போறவங்க நிறைய. அந்த அக்காவும் அப்படித்தான். அம்பது வயசு இருக்கும். வருஷக்கணக்கா ஒரே மாத்திரை, ஒரே டோஸ், பிரஷர் கட்டுக்குள்ள இருந்துச்சு.

2020 அக்டோபர்ல வந்தாங்க. 170/100. மாத்திரை ஒழுங்கா போடுறாங்க. உப்பும் குறைச்சிருக்காங்க.

"தூக்கம் எப்படி இருக்கு?"

"மழை பெய்யாத அன்னிக்குத் தூங்குறேன் சார்."

அப்புறம் சொன்னாங்க. தங்கச்சியைக் கட்டிக் குடுத்தது பெட்டிமுடியில. தங்கச்சி, அவ வீட்டுக்காரர், பிள்ளைங்க, யாருமே இல்லை.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஸ்டூலை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். அக்கறையாத்தான். எப்பக்கா தகவல் வந்துச்சு? நீங்க போனீங்களா? எத்தனாவது நாள் எடுத்தாங்க? அடையாளம் எப்படித் தெரிஞ்சுது? ஒன்னு மாத்தி ஒன்னு கேட்டேன். அவங்களும் சொன்னாங்க. டாக்டர் கேட்டா சொல்லாம இருக்க முடியுமா? வெளிய பெஞ்சுல ஏழெட்டு பேர் காத்துட்டு இருந்தாங்க. அரை மணி நேரம் ஒதுக்கிக் கேட்டேன்னு மனசுக்குள்ள எனக்கு ஒரு திருப்தி வேற. "மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டா பாரம் குறையும்கா"ன்னு சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாசம் வரல. அதுக்கடுத்த மாசமும் வரல. நாலாவது மாசம் வந்தாங்க. 180/110.

"ஏன்க்கா வரல?"

தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. "கோவிச்சுக்காதீங்க சார். அன்னிக்கு நீங்க எல்லாத்தையும் கேட்டீங்க. வீட்டுக்குப் போயி மூணு நாளு கண்ணை மூட முடியல. மறுபடியும் கேப்பீங்களோன்னுதான் வரல."

நான் ஜெனரல் மெடிசின் படிச்சவன். இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

உங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்ங்கிறதால சொல்றேன். ஒரு காலத்துல பேரழிவு நடந்த இடத்துல உயிர் தப்பினவங்களை உட்கார வச்சு, நடந்ததை முழுசா ஒரு தடவை சொல்ல வைக்கிறது சிகிச்சைன்னு நம்பினாங்க. 'டீபிரீஃபிங்'னு பேர். பிறகு ஆய்வு பண்ணிப் பார்த்தா, அப்படி ஒரே தடவை சொல்ல வைக்கிறது பின்னால வர்ற மன பாதிப்பைத் தடுக்கல. சிலருக்கு நிலைமையை மோசமாக்கியிருக்கு. அதனால உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாம்னு சொல்லிருச்சு. (பயிற்சி பெற்ற மனநல மருத்துவரோ உளவியலாளரோ பல அமர்வுகள்ல, பாதிக்கப்பட்டவர் சம்மதத்தோட, கொஞ்சம் கொஞ்சமா செய்யற சிகிச்சை வேற. அது பலன் தரும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.)

அதுக்குப் பதிலா அவங்க சொல்றது 'உளவியல் முதலுதவி'. 2011ல ஒரு கையேடே போட்டாங்க. அதோட சாரம் மூணு வார்த்தை: பார், கேள், இணை. சுத்தி என்ன தேவை இருக்குன்னு பார். அவங்களா சொல்றதைக் கேள். தேவையான உதவியோட, சொந்தபந்தத்தோட அவங்களை இணைச்சு விடு.

நம்ம பாஷையில 'கேள்'ங்கிறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு பாருங்க. காது குடுக்கிறதும் கேட்கிறதுதான், கேள்வி போடுறதும் கேட்கிறதுதான். நான் எதை எடுத்துக்கிட்டேன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, டாக்டரே இப்படின்னா, டூரிஸ்ட்டு?

2021 டிசம்பர்ல காலேஜ் நண்பர்கள் நாலு பேர் மூணார் போனோம். ஜீப் பேசி ராஜமலைக்கு வரையாடு பார்க்கக் கிளம்பினோம். வழியில ஒருத்தன் ஆரம்பிச்சான், "அண்ணே, அந்த லேண்ட்ஸ்லைடு இடத்துக்கும் அப்படியே ஒரு ரவுண்டு போயிரலாமா? எக்ஸ்ட்ரா எவ்வளவு?" நான் அக்காவை நினைச்சுக்கிட்டேன். ஆனா வாயைத் திறக்கல. உள்ளுக்குள்ள எனக்கும் பார்க்கணும்னு இருந்துச்சு, மறைக்க விரும்பல.

டிரைவர் முப்பது வயசுப் பையன். தமிழ்ப் பையன்தான், எஸ்டேட்டுல பொறந்தவர். கண்ணாடியில எங்களைப் பார்த்தார். "அங்க பார்க்கிறதுக்கு என்ன சார் இருக்கு? பாறைதான் கிடக்கு"ன்னார். கொஞ்ச தூரம் போனதும் அவரே, "எங்கூடப் படிச்சவன் வீடு சார்"னார். அவ்வளவுதான். அதுக்கு மேல ஜீப்புல யாரும் பேசல.

இறங்கும்போது நண்பன் ஐநூறு ரூபாய் கூடக் குடுத்தான். அவர் வாங்கல. "பேசினதைக் குடுங்க சார். அடுத்த தடவை வந்தாலும் எனக்கே போன் பண்ணுங்க, அது போதும்." ஒவ்வொரு தடவையும் அவருக்குத்தான் பண்றேன்.

இந்த ஆர்வம் நம்ம ஊருக்கும் புதுசில்ல. குரங்கணி காட்டுத்தீ ஞாபகம் இருக்கா? 2018 மார்ச் 11. மலையேற வந்த 20க்கும் மேற்பட்ட பிள்ளைங்க போயிட்டாங்க. மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர் வந்ததை டிவியில எல்லாரும் பார்த்தோம். ஆனா அதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை சாயங்காலமே, புகையைப் பார்த்துட்டு மேல ஏறினது குரங்கணிப் பக்கத்து ஆளுங்க. இருட்டுல, சரிவுல, போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டித் தூக்கிட்டு இறங்கினாங்க.

சில வாரம் கழிச்சு ஒரு மருத்துவ முகாமுக்காக அங்க போயிருந்தேன். டீக்கடைக்காரர் சொன்னார்: "தினம் காரு வருது சார். எந்த எடம், எந்த எடம்னு கேக்குறாங்க. மேல போயி தூக்கிட்டு வந்த பயலுக எப்படி இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல." கேட்டேன். ஒரு பையன் கறி சாப்பிடறதையே விட்டிருந்தான். அந்த வாடை வந்தா வாந்தி வருதுன்னான். இன்னொருத்தன் அடுப்படிக்கே போறதில்லை. காப்பாத்தப் போனவங்களுக்கும் காயம் உண்டு. அதுக்குக் கட்டுப் போட யாரும் வர்றதில்லை.

அப்ப யாரும் எங்கேயும் போகவே கூடாதான்னு கேட்பீங்க. இங்கதான் சிக்கல்.

2023 ஆகஸ்ட் 8. ஹவாய் தீவுக்கூட்டத்துல மாவின்னு ஒரு தீவு. அதுல லஹைனாங்கிற பழைய ஊரே காட்டுத்தீயில எரிஞ்சு போச்சு. 100 பேருக்கு மேல இறந்தாங்க. நெருப்புக்குப் பயந்து ஜனங்க கடல்ல குதிச்சாங்க. சில நாள்லயே அதே கடல்ல டூரிஸ்ட்டுங்க நீந்துறாங்கன்னு ஊர்க்காரங்க கொதிச்சுப் போனாங்க. வராதீங்கன்னு அரசே சொல்லுச்சு. ஆள் வர்றது நின்னுச்சு. ஆனா அந்தத் தீவே சுற்றுலாவை நம்பி இருக்கிற தீவு. ஆள் வரலைன்னா ஹோட்டல்ல வேலை இல்லை, வேலை இல்லைன்னா வாடகை இல்லை. அதனால அக்டோபர் 8ல இருந்து திரும்பத் திறக்கலாம்னு ஆளுநர் அறிவிச்சாரு. இன்னும் கொஞ்ச நாள் தாங்கன்னு ஆயிரக்கணக்கான ஊர்க்காரங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. வீடு எரிஞ்சவங்களே யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, வந்தவங்ககிட்ட சிரிச்ச முகமா நிக்கணும். "நீங்க லஹைனாவா? உங்க வீடு என்ன ஆச்சு?"ன்னு ஜூஸ் வாங்கிட்டே கேட்டா அவங்க என்ன பண்ணுவாங்க?

வரவே வராதேன்னும் சொல்ல முடியல, வான்னும் முழு மனசா கூப்பிட முடியல. மூணார் ஆளுங்க நிலைமையும் அதே. 2020ல கொரோனா, அதோட நிலச்சரிவு. ஜீப்காரர், ஹோம்ஸ்டே வச்சவர், கேரட் விக்கிற அம்மா, எல்லாருக்கும் ஆள் வந்தாகணும்.

இன்னொன்னும் நீங்க தெரிஞ்சுக்கணும். லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை. கம்பெனி வீடு. வேலை இருக்கிற வரைக்கும்தான். மூணு தலைமுறை அங்கேயே பொறந்து வளர்ந்தும் ரிட்டயர் ஆனா காலி பண்ணணும். பெட்டிமுடியில தப்பினவங்கள்ல 8 குடும்பங்களுக்குக் குற்றியாறுல வீடு கட்டிக் குடுத்தாங்க. நிலச்சரிவுக்கு மறுநாள், ஆகஸ்ட் 7, கோழிக்கோடு விமான விபத்து. அங்க இறந்தவங்களுக்கு மாநில அரசு அறிவிச்சது 10 லட்சம், இங்க 5 லட்சம். அக்கா இதைப் பத்தி ஒரே ஒரு தடவைதான் பேசினாங்க. "பிளேன்ல போனாத்தான் மதிப்புப் போல சார்." அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

அதனால அந்தத் தம்பிக்கு என் பதில்: மூணார் போங்க. தாராளமா போங்க. ரெண்டு நாள் கூடத் தங்குங்க. உள்ளூர் ஜீப் எடுங்க, பேரம் பேசாதீங்க. டீத்தூள் வாங்குங்க. பெட்டிமுடியைப் 'பார்க்க'ப் போகாதீங்க. தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்களைக் கண்டா போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க, வேண்டாம்னா போனை உள்ள வைங்க. யாராவது அவங்களா அந்த ராத்திரியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, காது குடுங்க. நடுவுல "அய்யய்யோ, அப்புறம்?"னு கேட்காதீங்க. உங்க குழந்தை கேட்டா, இங்க ஒரு பெரிய துக்கம் நடந்துச்சுன்னு உண்மையைச் சொல்லுங்க, அது போதும்.

வயநாட்டுல 2024 ஜூலை 30ல முண்டக்கையும் சூரல்மலையும் போனப்போ, வேடிக்கை பார்க்க வராதீங்க, மீட்பு வேலை கெடுதுன்னு கேரளா போலீஸே வேண்டுகோள் விட வேண்டியதாச்சு. நம்ம பக்கத்துல இருந்தும் கார் எடுத்துட்டுப் போனவங்க உண்டு.

உதவின்னு ஒன்னு செய்யறோமே, அதையும் சொல்லிடறேன், டாக்டரா இது என் தனிப்பட்ட எரிச்சல். அந்த வயநாடு சமயத்துல ஒருத்தர் என் கிளினிக்குக்கு ஒரு மஞ்சப்பை நிறைய மாத்திரை கொண்டு வந்தார், 'நிவாரணத்துக்கு'ன்னு. பாதி சாப்பிட்ட அட்டைங்க. எக்ஸ்பைரி தேதி இருக்கிற பக்கத்தையே கிழிச்சிருக்கு. செத்துப் போன அவங்க அப்பாவோட இதய மாத்திரையும் அதுல இருந்துச்சு. 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தோனேசியாவோட அச்சே மாகாணத்துக்கு உலகமே மருந்து அனுப்புச்சு. 4,000 டன். பெரும்பாலானது அந்த ஊர் ஆளுங்களுக்குப் படிக்கவே தெரியாத மொழியில லேபிள் ஒட்டினது. கடைசியில குப்பை மாதிரி எரிக்கவும் புதைக்கவும் தனியா செலவு. மருந்து தானம்னா ஒரு வருஷமாவது ஆயுள் பாக்கி இருக்கணும், அவங்க கேட்ட மருந்தா இருக்கணும்னு விதியே இருக்கு. உதவணும்னா பணமா குடுங்க, இல்லைன்னா என்ன வேணும்னு கேட்டுட்டுக் குடுங்க. உங்க பீரோவைக் காலி பண்ண அவங்க வீட்டுத் திண்ணை வேண்டாம். திண்ணையே இல்லாதவங்க அவங்க.

இப்ப அக்கா கதைக்குத் திரும்பறேன்.

அன்னைக்கு நாலாவது மாசம் வந்தப்போ நான் மன்னிப்புக் கேட்டேன். அதுக்கப்புறம் பெட்டிமுடிங்கிற வார்த்தையை நான் எடுக்கல. பிரஷர் பார்ப்பேன், காய் என்ன விலை போகுதுன்னு கேட்பேன். தூக்கத்துக்காக அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவுக்கு எழுதிக் குடுத்தேன். ரெண்டு வருஷம் போயி வந்தாங்க. கொஞ்சம் தேறினாங்க. (உங்க வீட்லயும் இப்படி யாராவது ஒரு மாசத்துக்கு மேல தூக்கமில்லாம, அதே காட்சி கண்ணு முன்னால வந்து வந்து கஷ்டப்பட்டா, டெலி மானஸ் 14416க்குப் போன் போடுங்க. காசில்லை, தமிழ்ல பேசலாம்.)

2023 ஜூலை கடைசியில அவங்களே கேட்டாங்க. "வருஷா வருஷம் ஆறாந்தேதி எல்லாரும் ராஜமலைக்குப் போறாக. எனக்கு ஒரு தடவையும் தெகிரியம் வரல. இந்த வருஷம் ஞாயித்துக்கிழமை வருது. உங்களுக்குக் கிளினிக் லீவுதானே சார்? கூட வர்றீங்களா? மேல போயி எதாச்சும் ஆயிருச்சுன்னா..."

போனேன். அவங்க, அவங்க மகன், நான். அதே ஜீப்காரர் போடிக்கே வந்து கூட்டிட்டுப் போனார். மெட்டு ஏற ஏற மழை பிடிச்சுக்கிச்சு. பூப்பாறை தாண்டி ஒரு திருப்பத்துல ரோட்டோரம் மண் சரிஞ்சு கிடந்துச்சு, அக்கா கண்ணை இறுக்க மூடிக்கிட்டாங்க. நான் ஒன்னும் சொல்லல. பையில பிரஷர் மெஷினும் மாத்திரையும் இருந்துச்சு, அதைக் கையில பிடிச்சுக்கிட்டே இருந்தேன்.

ராஜமலையில அடக்கம் பண்ணின இடத்துல சனம் குடை பிடிச்சு நின்னுச்சு. ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் சூடம் ஏத்துறாங்க, மழையில அணைஞ்சு அணைஞ்சு போகுது. கயத்தாறுல இருந்து வேன் பிடிச்சு வந்தவங்க இருந்தாங்க. அக்கா ஒரு டிபன் பாக்ஸைத் திறந்து வச்சாங்க. சீயம். தங்கச்சிக்குப் பிடிக்குமாம். நான் அவங்களுக்குக் குடை பிடிச்சேன். அன்னிக்கு நான் செஞ்ச வேலை அது ஒன்னுதான்.

யாரும் என்னை யாருன்னு கேட்கல. ஒரு பெரியவர் கட்டங்காப்பி டம்ளரை நீட்டினார், வாங்கிக் குடிச்சேன்.

அப்ப ஒரு பையன் வந்தான். கையில போன், அதுல மைக்கு. இருபது வயசு இருக்கும். அழுதுட்டு இருந்த ஒரு அம்மாகிட்ட, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா, உங்க வீட்ல எத்தனை பேரு?"ன்னான். எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. திட்டப் போறதுக்குள்ள அக்கா முந்திட்டாங்க. அவன் தோளைத் தொட்டு, "சாப்பிட்டியாப்பா? எங்கேயிருந்து வர்ற?"ன்னு கேட்டாங்க. அவன் முழிச்சான். "இல்லக்கா, காலையில கிளம்பினது." ஒரு சீயத்தை எடுத்து அவன் கையில வச்சாங்க. எண்ணெய்க் கையோட போனைப் பிடிக்க முடியல அவனால. பாக்கெட்ல போட்டுட்டு, எங்க பக்கத்துலயே நின்னு சாப்பிட்டான். சாப்பிட்டு முடிச்சும் போனை எடுக்கல. கொஞ்ச நேரத்துல ஒரு பாட்டிக்குக் குடை பிடிச்சுட்டு நின்னான்.

நான் 2020ல என் கிளினிக்ல ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கேட்ட கேள்விகளுக்கும் அவன் கேள்விக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சுட்டே நின்னேன். என்கிட்ட மைக் இல்லை, அவ்வளவுதான்.

திரும்பும்போது மழை விடவே இல்லை. போடிமெட்டுல டீ குடிக்க நிறுத்தலாமான்னு டிரைவர் கேட்டார். மகன் வேண்டாம்னு சைகை காட்டினான். திரும்பிப் பார்த்தேன். அக்கா ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டு இருந்தாங்க. பதினேழு கொண்டை ஊசி வளைவும் இறங்கி முந்தல் வர்ற வரைக்கும் முழிக்கல.

அடுத்த வாரம் கிளினிக்குக்கு வந்தாங்க. 150/96. மாத்திரையில ஒன்னைக் கூட்டி எழுதினேன்.